கை அறியும்… காகிதம் அறியாது!

பர்கூர் - கிருஷ்ணகிரி - ஓசூர்: பத்து வருட அனுபவத்தோடு வரும் வெளிமாநிலத் தொழிலாளி இங்கே ஏன் ‘ஹெல்பர்’ ஆகிறார்?

சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் பர்கூரைக் கடக்கும்போது, மெருகேற்றிய கிரானைட் பலகைகளைச் சாய்த்து அடுக்கிக்கொண்டு துறைமுகத்துக்குப் போகும் லாரிகளைப் பார்க்கலாம். அதை ஓட்டுபவர் பீகார்காரராக இருக்கலாம். அவர் ஊரில் எடுத்த ஓட்டுநர் உரிமம் சட்டைப்பையில் இருக்கும். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 13-வது பிரிவு, அந்த உரிமம் இந்தியா முழுக்கச் செல்லும் என்கிறது. ‘யாரிடம் ஓட்டக் கற்றாய், எத்தனையாவது வரை படித்தாய்?’ என்று ஜூஜூவாடி சோதனைச் சாவடியில்கூட யாரும் கேட்பதில்லை.

லாரியில் இருக்கும் கல்லுக்கு மெருகேற்றியவரும் பீகார்காரராகவோ, ராஜஸ்தான்காரராகவோ இருக்கலாம். முரட்டு மெருகுக்கல்லில் தொடங்கி அடுத்தடுத்து நுண்ணிய மெருகுக்கல்லுக்கு எப்போது மாற வேண்டும், எந்த இடத்தில் தண்ணீரைக் கூட்ட வேண்டும், விளிம்பு சிதறாமல் எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதெல்லாம் அவர் கைக்கு மனப்பாடம். அந்தக் கைப்பக்குவத்தை நம்பித்தான் பலகை கப்பலேறுகிறது. ஆனால், வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே இருப்பது, பெரும்பாலும், ‘ஹெல்பர்’.

வண்டி ஓட்டத் தெரிந்தவனின் திறமை மாநில எல்லையைத் தாண்டுகிறது. கல் இழைக்கவும், இரும்பு ஒட்டவும், சுவர் எழுப்பவும் தெரிந்தவனின் திறமை எல்லையிலேயே நின்றுவிடுகிறது. ஏன்?

எல்லையோரத் தொழில் பட்டை

பர்கூர் என்றதும் மலைமாடு நினைவுக்கு வந்தால், அது ஈரோடு மாவட்டத்துப் பர்கூர். கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூருக்கு வேறு முகம். ஒரு பக்கம் மொத்த விலை ஜவுளிக் கடைகள். வியாபாரிகள் வைத்த பெயர் ‘குட்டி சூரத்’. இன்னொரு பக்கம் கிரானைட் பட்டறைகள், சிப்காட் தொழிற்பேட்டை. இங்கே தொடங்கும் தொழில் பட்டை, போச்சம்பள்ளியின் மின் ஸ்கூட்டர் ஆலை, கிருஷ்ணகிரியின் மாங்கூழ் ஆலைகள், சூளகிரி என்று நீண்டு ஓசூரில் முடிகிறது. 1970-களில் சிப்காட் வந்தபிறகு டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என்று வளர்ந்த ஓசூர், 2019-ல் மாநகராட்சியானது. பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் ‘ஜாப் ஒர்க்’ பட்டறைகள்தான் அதன் அடித்தளம்: லேத், சி.என்.சி., பிரஸ், வார்ப்படம், முலாம் பூச்சு.

இந்த இயந்திரங்களுக்குப் பின்னால் நிற்கும் கைகளில் கணிசமானவை ஒடிசா, பீகார், ஜார்கண்ட், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம், அசாம் ஆகிய மாநிலங்களைச் சேர்ந்தவை. 2015-16-ல் தொழிலாளர் துறை எடுத்த கணக்கின்படி தமிழகத்தில் வெளிமாநிலத் தொழிலாளர் எண்ணிக்கை 10.67 லட்சம். அதன்பிறகு ஓசூர் வட்டாரம் மட்டுமே எவ்வளவு மாறிவிட்டது என்பது, ரயில் நிலையத்தில் ஒரு மாலை நின்றால் போதும், தெரிந்துவிடும்.

வருபவர்கள் எல்லோரும் வெறுங்கையோடு வருவதில்லை. ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்துப் பட்டாமுண்டை, நாடு முழுக்க பிளம்பர்களை அனுப்பும் ஊர். அப்பனிடம் மகனும், மாமனிடம் மருமகனும் கற்ற தொழில் அது. மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத், மால்டா மாவட்டங்கள் கொத்தனார்களுக்குப் பேர்போனவை. ராஜஸ்தானின் கிஷன்கர், பளிங்கு அறுக்கும் சந்தை. இந்தப் பள்ளிகளுக்குக் கட்டடம் கிடையாது, சான்றிதழும் கிடையாது.

அரை மணி நேரத் தேர்வு

சிறு பட்டறைகளில் ஆள் எடுப்பது எப்படி? வெல்டர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தால், இரண்டு கழிவுத் தகடுகளைக் கொடுத்து ஒட்டச் சொல்வார் ஃபோர்மேன். கசடைத் தட்டிவிட்டுப் பார்த்தால் ஒட்டு ஒரே சீராக ஓடியிருக்கிறதா, ஓரம் அரித்திருக்கிறதா, துளை விழுந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். டர்னர் என்றால் ஒரு வரைபடம், ஒரு வெர்னியர், ஒரு கம்பித் துண்டு. அரை மணி நேரத்தில் ஆளின் தரம் எடைபோடப்படுகிறது. மொழி தெரிய வேண்டியதில்லை. மறுநாள் காலை ஷிப்ட்டில் அவர் உண்மையான வேலையில் நிற்கிறார்.

ஆக, திறமையைக் கண்டுபிடிப்பதில் இங்கு யாருக்கும் சிரமம் இல்லை. கண்டுபிடித்ததை எழுதி வைப்பதில்தான் சிக்கல். எழுதினால் அதற்குக் கூலி உண்டு. குறைந்தபட்சக் கூலிப் பட்டியல்கள் திறன் பெற்றவர், ஓரளவு திறன் பெற்றவர், திறன் பெறாதவர் என்று தொழிலாளரைப் பிரிக்கின்றன. ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் எல்லோரையும் ஒரே பட்டியலில் ‘ஹெல்பர்’ ஆகக் காட்டிவிட்டால், வெல்டரின் வேலையை ஹெல்பரின் கூலிக்கு வாங்கிவிடலாம். திருட்டு என்று யாரும் இதைச் சொல்வதில்லை, ‘கேட்டகரி’ என்கிறார்கள்.

இழப்பு அந்த மாதச் சம்பளத்தோடு முடிவதில்லை. அடுத்த பட்டறைக்குப் போகும்போது அவர் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார். ஊர் திரும்பினால் அங்கேயும் அதே கதை. கல் பட்டறையில் இதற்கு இன்னொரு விலையும் உண்டு. கல் தூசியில் இருக்கும் சிலிக்கா, நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் நோயாக மாறப் பல ஆண்டுகள் ஆகும். 1923-ம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே பின்னர் அதைத் தொழில்சார் நோயாக ஏற்றது. ஆனால், இழப்பீடு கேட்பவர் எங்கே, எத்தனை ஆண்டு, என்ன வேலை பார்த்தார் என்பதைக் காட்டியாக வேண்டும். அனுபவம் எழுதப்படாத இடத்தில், சுவாசித்த தூசியும் எழுதப்படுவதில்லை.

சட்டம் கொடுத்த வாக்கு

ஒடிசாவில் ‘தாதன்’ என்ற பெயரில் கூட்டம் கூட்டமாக வெளிமாநிலங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்ட தொழிலாளர்களின் துயரம்தான், 1979-ம் ஆண்டு மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டத்துக்கு வித்திட்டது. அதிலும் ஒரு 13-வது பிரிவு: ஒரே மாதிரியான வேலைக்கு உள்ளூர்த் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியையே வெளிமாநிலத்தவருக்கும் கொடுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் புகைப்படத்துடன் பாஸ்புக் தர வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொன்னது. பாஸ்புக்கில் நிறுவனத்தின் பெயர் இருக்கும், வேலைக் காலம் இருக்கும், கூலி விகிதம் இருக்கும். அவருக்கு என்ன வேலை தெரியும் என்ற கேள்வி அந்தப் பிரிவின் பட்டியலில் இல்லை. என்ன வேலை என்பதே பதிவாகாத இடத்தில், ‘ஒரே வேலை’ என்று எதை வைத்து நிரூபிப்பது?

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்தன. 1979-ம் ஆண்டுச் சட்டம் அவற்றில் ஒன்றுக்குள் கரைந்துவிட்டது. கூலித் தொகுப்போ, குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும்போது தொழிலாளரின் திறனை முதன்மையாகக் கருத வேண்டும் என்கிறது. திறன் பெறாதவர் தொடங்கி மிகு திறன் பெற்றவர் வரை நான்கு படிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கூலியின் அச்சாணியே திறன் என்றாகிவிட்டது. அந்தத் திறனை அளப்பது யார் என்பதுதான் இப்போது பெரிய கேள்வி.

இருக்கிற கதவுகள்

அளப்பதற்கு அரசிடம் வழியே இல்லை என்று சொல்ல முடியாது. 2013-ல் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு அறிவிக்கப்பட்டது. வகுப்பறையில் கற்றாலும் வேலைத்தளத்தில் கற்றாலும் ஒரே ஏணியில் ஏற்றலாம் என்பது அதன் கொள்கை. 2015-ல் வந்த பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம், ‘முன்கற்றலை அங்கீகரித்தல்’ என்ற பிரிவைச் சேர்த்தது. சில மணி நேர அறிமுக வகுப்பு, ஒரு தேர்வு, ஒரு சான்றிதழ். லட்சக்கணக்கானோர் சான்றிதழ் வாங்கினார்கள். ஆனால், திறன் மேம்பாட்டுத் திட்டத்தை ஆராய்ந்த மத்திய கணக்குத் தணிக்கைத் துறை, பயனாளிகளின் வங்கிக் கணக்கு விவரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் பெருமளவு பூஜ்யங்களும் வெற்றிடங்களுமே இருந்ததை 2025-ல் அம்பலப்படுத்தியது. எண்ணிக்கைக்காக அச்சடிக்கப்படும் சான்றிதழை எந்த முதலாளியும் மதிக்க மாட்டார். ஃபோர்மேனின் அரை மணி நேரச் சோதனைமேல் பட்டறைக்காரருக்கு இருக்கும் நம்பிக்கை, அந்த முத்திரைமேல் இல்லாததற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

இதைவிடப் பழைய, உருப்படியான கதவுகள் தமிழகத்திலேயே உண்டு. மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வு அவற்றில் ஒன்று. ஐந்தாண்டு ஒயரிங் அனுபவம் இருந்தால், ஐ.டி.ஐ. படிக்காதவரும் எழுதலாம். அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுத, வேலை அனுபவம் உள்ளவர்களுக்கும் வாய்ப்பு இருக்கிறது. கொதிகலன் வேலை செய்யும் வெல்டருக்கு இன்னும் கறாரான முறை: கொதிகலன் விதிமுறைகளின்படி ஆய்வாளர் முன்னிலையில் ஒட்டிக் காட்ட வேண்டும், ஒட்டுத் துண்டு சோதிக்கப்படும், தேறினால் சான்று, அதுவும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். அந்தச் சான்றுக்கு ஆலைகளில் மரியாதை இருக்கிறது. சோதனை உண்மையானது என்பதுதான் காரணம்.

இந்தக் கதவுகள் வெளிமாநிலத்தவருக்கு ஏன் திறப்பதில்லை? அறிவிப்பு தமிழிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. அனுபவச் சான்று கேட்கிறார்கள். பதிவேட்டில் ‘ஹெல்பர்’ என்று எழுதியவர் வெல்டர் என்று எப்படிச் சான்று கொடுப்பார்? தேர்வு நாளில் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போச்சு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் தளத்தில் கோடிக்கணக்கானோர் தங்கள் தொழிலைப் பதிவு செய்திருக்கிறார்கள். அதுவோ அவர்களே சொன்னது. சோதித்து எழுதியது இல்லை. கூலி விகிதத்தை அது அசைக்காது.

பெரிய ஆலைகளின் கதை வேறு. ஓசூர் அருகே ஐபோன் பாகங்கள் செய்யும் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலைக்காக, ராஞ்சி, ஹசாரிபாக் வட்டாரப் பழங்குடிப் பெண்கள் ஆறாயிரம் பேருக்குப் பயிற்சி தரப்பட்டதாக 2022 நவம்பரில் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் சொன்னார். அங்கே பழைய அனுபவம் தேவையில்லை. கம்பெனியே கற்றுக் கொடுக்கிறது. நல்லதுதான். ஆனால், அந்தப் பெண் மூன்று வருடம் கழித்து ஊருக்குத் திரும்பும்போது, கற்றது அவளோடு போக வேண்டாமா? அனுபவக் கடிதத்தில் ‘பணிபுரிந்தார்’ என்ற ஒரு வரி மட்டும் இருந்தால், ராஞ்சியில் அதற்கு என்ன விலை?

“நம்ம பசங்க வேலை போகுதே!”

இந்த இடத்தில் ஒரு முணுமுணுப்பு எழும். வடக்கத்திக்காரர்களுக்குச் சான்றிதழும் கொடுத்துக் கூலியும் கூட்டிக் கொடுத்தால், நம் பிள்ளைகள் எங்கே போவார்கள்? 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, பீகார் அரசு அதிகாரிகள் குழுவே இங்கு வந்து விசாரித்துப் போனது. பொய் அவ்வளவு வேகமாகப் பற்றிக்கொண்டதற்கு, இரு பக்கமும் ஏற்கெனவே இருந்த மனக்கசப்பும் ஒரு காரணம்.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். ஓசூரில் ஐ.டி.ஐ. முடித்த உள்ளூர் வெல்டர், திறன் பெற்றவருக்கான கூலி கேட்கிறார். பக்கத்தில் அதே தரத்தில் ஒட்டும் ஒடிசா வெல்டர் ஹெல்பர் கூலிக்குக் கிடைக்கிறார். முதலாளி யாரை எடுப்பார்? உள்ளூர் இளைஞரின் வேலையைப் பறிப்பது ஒடிசாக்காரரின் திறமை இல்லை. அந்தத் திறமைக்கு எழுதப்படாமல் போன விலை. இருவருக்கும் ஒரே படியில் ஒரே கூலி என்று ஆகிவிட்டால், மலிவு என்பதற்காக மட்டும் ஒருவரை எடுக்கும் ஆசை போய்விடும். அங்கீகாரம் வெளியூர்க்காரருக்குச் செய்யும் உபகாரம் மட்டும் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்: அது உள்ளூர்க் கூலிக்குப் போடும் வேலியும்கூட.

உள்ளூரிலேயே இதற்காகக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இருபது வருடம் சித்தாளாகக் கலவை சுமக்கும் பெண், கொத்தனார் வேலையைப் பார்த்துப் பார்த்தே கற்றிருப்பார். அவர் கையில் கரண்டியைக் கொடுத்துச் சோதிக்க எந்த மேஸ்திரிக்கும் தோன்றுவதில்லை. கையைச் சோதிக்கும் தேர்வு வந்தால், அவரும் ஒரு படி ஏறலாம்.

அத்திப்பள்ளியைத் தாண்டினால்…

ஓசூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். தினமும் காலையில் அத்திப்பள்ளியைத் தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் பொம்மசந்திராவுக்கும் வேலைக்குப் போகும் ஆயிரக்கணக்கானவர்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் வெளிமாநிலத் தொழிலாளர்கள்தான். 2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை, தனியார் நிறுவனங்களில் நிர்வாகப் பணிகளில் 50 சதவிகிதத்தையும் மற்ற பணிகளில் 70 சதவிகிதத்தையும் உள்ளூர்க்காரர்களுக்கு ஒதுக்கும் மசோதாவுக்கு ஒப்புதல் தந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைத்தது. இந்தப் பக்கம் 2021 தேர்தலில் தி.மு.க. வாக்குறுதி 75 சதவிகிதம். ஹரியானா போட்ட 75 சதவிகிதச் சட்டத்தை 2023 நவம்பரில் உயர் நீதிமன்றமே ரத்து செய்தது. பிறந்த ஊரை வைத்து வேலையைப் பங்கு போடத் தொடங்கினால், எல்லையோர மக்கள்தான் முதலில் அடிபடுவார்கள்.

கடல் கடந்த தமிழர்களிடம் கேட்டால் இன்னும் சொல்வார்கள். டொரண்டோவில் இறங்கிய ஈழத்து மெக்கானிக்கும் பொறியாளரும் வேலை தேடிப் போன இடமெல்லாம் கேட்கப்பட்ட கேள்வி, ‘கனடா அனுபவம் உண்டா?’ என்பது. வேலைக்குள் விட்டால்தானே கனடா அனுபவம் வரும்! ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013-ல் அந்த நிபந்தனையைப் பாகுபாடு என்றது. 2021-ல் ஒன்டாரியோ அரசு, உரிமம் தேவைப்படும் பல தொழில்களில் அந்த நிபந்தனையைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. நம் பிள்ளைகள் டொரண்டோவில் கேட்டு நொந்த கேள்வியைத்தான், நாம் பர்கூரில் வேறு பாஷையில் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

தேயிலையும் பெயின்ட்டும்

வந்தவரின் தொழிலை அறிந்து வேலை கொடுத்த அனுபவம் தமிழகத்துக்குப் புதிதில்லை. 1964-ல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, இலங்கை மலையகத்திலிருந்து லட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்கள். அவர்களுக்காகவே 1968-ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. அதுதான் பிற்காலத்து ‘டான்டீ’. அந்தத் தோட்டங்களிலும் கஷ்டங்கள் உண்டு. ஆனால், கை அறிந்த தொழில் கையிலேயே இருந்தது. மறுபுறம், தொழில் கடன் என்று ஒரு தொகையைக் கொடுத்துச் சமவெளியில் கடை வைக்கச் சொன்னவர்களில் பலர், கடனும் தீர்ந்து கடையும் தீர்ந்து, மலையைத் தேடிக் கூலிக்குப் போனார்கள்.

1983-க்குப் பிறகு வந்த ஈழத் தமிழர்கள், கிருஷ்ணகிரி உள்ளிட்ட மாவட்டங்களின் முகாம்களில் இருக்கிறார்கள். 2021-ல் முகாம்களின் பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ ஆனது. முகாம் ஆண்களில் பெரும்பாலானோருக்கு வாய்த்த தொழில் பெயின்ட்டிங். மீனவராகவோ, விவசாயியாகவோ, மெக்கானிக்காகவோ வந்தவரும் பிரஷ்ஷைப் பிடித்தார். முகாமிலேயே பிறந்து பட்டம் படித்த மகனும் பிரஷ்ஷைப் பிடிக்கிறான். என்ன தெரியும் என்று யாரும் கேட்காவிட்டால், இப்படித்தான் ஒரு சமூகமே ஒற்றைத் தொழிலுக்குள் தள்ளப்படும்.

கையால் எழுதும் பரீட்சை

வெளிநாடுகளில் ஜெர்மனி இதை நேராக அணுகியது. 2012 ஏப்ரலில் அமலான அங்கீகாரச் சட்டம், வெளிநாட்டுத் தொழிற்தகுதியை ஜெர்மன் தகுதியோடு ஒப்பிட்டு மதிப்பிடக் கோரும் உரிமையைத் தருகிறது. போரில் வீடு எரிந்து சான்றிதழ் தொலைந்த சிரிய அகதி என்ன செய்வார்? அவருக்கென்று திறன் பகுப்பாய்வு என்ற வழி இருக்கிறது. தொழில் கழகத்தின் பட்டறையில், அந்தத் தொழிலின் மாஸ்டர் முன்னிலையில் மாதிரி வேலை செய்து காட்ட வேண்டும். செய்யும்போதே கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். சவூதி அரேபியாவும் இப்போது பிளம்பர், எலெக்ட்ரீஷியன், வெல்டர் போன்றவர்களுக்கு, புறப்படும் முன்பே அவரவர் நாட்டில் செய்முறைத் தேர்வு வைக்கிறது. ஓசூர் ஃபோர்மேன் கொடுக்கும் இரண்டு தகடுகளுக்கும் இவற்றுக்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. அங்கே முடிவைக் காகிதத்தில் எழுதுகிறார்கள், இங்கே எழுதுவதில்லை.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இதைச் செய்ய எது இல்லை? 2,877 கோடி ரூபாயில் டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை நவீனப்படுத்தும் திட்டத்தைத் தமிழகம் நிறைவேற்றியிருக்கிறது. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு ஐ.டி.ஐ.கள் இருக்கின்றன. பர்கூரில் 1994 முதல் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஓசூரில் சிறு, குறுந்தொழிலதிபர்களின் ‘ஹோஸ்டியா’ சங்கம் இருக்கிறது. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் இருக்கிறது. இவற்றை ஒரே மேசையில் உட்கார வைப்பதுதான் பாக்கி.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செய்முறைத் தேர்வு மட்டும் நடக்கட்டும். மதிப்பிடுபவர் பட்டறையில் பழுத்த மாஸ்டராக இருக்கட்டும். கேள்விகள் ஒடியா, இந்தி, வங்க மொழிகளில் வாய்மொழியாக இருக்கட்டும். கிரானைட் அறுப்பும் மெருகும், மாங்கூழ் ஆலை வேலையும் தேர்வுப் பட்டியலில் இடம்பெறட்டும். உள்ளூர் ஆண்களும் பெண்களும் அதே வரிசையில் நின்று அதே தேர்வை எழுதட்டும். தேறாதவருக்கு எது குறை என்று சொல்லி, அதற்கு மட்டும் குறுகிய பயிற்சி கொடுக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தேறியவரின் கூலி அடுத்த மாதமே உரிய படிக்கு மாற வேண்டும். ஒவ்வொரு தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம் என்கிறது புதிய சட்டத் தொகுப்பு. அந்தக் கடிதத்தில் திறன் படியை உள்ளபடி எழுதுகிறார்களா என்று தொழிலாளர் துறை ஆய்வு செய்தால் போதும். பாதிப் பிரச்னை தீரும். கூலியை மாற்றாத சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் உதவும்.

தொழிலாளர் துறை, திறன் மேம்பாட்டுக் கழகம், ஆலை முதலாளிகள் மூவரும் மனம் வைத்தால் இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, பெரிய நிதியும் தேவையில்லை. பர்கூரிலேயே தொடங்கலாம், தொடங்குங்கள்.